இந்திய - இலங்கைக் காகித வணிகம்

இந்திய - இலங்கைக் காகித வணிகம் என்பது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே காகிதம், காகித அட்டை, அவற்றாலான பொருள்கள், கழிவுத்தாள் ஆகியவற்றில் நடைபெறும் ஏற்றுமதி இறக்குமதியைக் குறிக்கும். இவ்வணிகம் பெரும்பாலும் ஒருதிசைப்பட்டது. இலங்கை தனக்குத் தேவையான காகிதத்தின் மிகப் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெறுகின்றது. அதற்கு விற்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இந்தோனேசியா முதலிய நாடுகள் அச்சந்தையில் இந்தியாவின் போட்டியாளர்கள். இந்தியத் தரப்பில் இவ்வணிகத்துடன் நெருங்கிய தொடர்புடைய பகுதி தென் தமிழ்நாடாகும். காகிதம் ஆலையிலிருந்து வந்து அச்சேறும் சிவகாசியும், அது கப்பலேறும் தூத்துக்குடியும் இங்குள்ளன.

எரிபொருள், மருந்து, அரிசி போன்றவற்றுடன் ஒப்பிட்டால் காகிதம் எவரும் கவலைப்படாத சரக்காகவே இருந்து வந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையின் மேல் மாகாணப் பள்ளிகளில் வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லாமல் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்ட பின்னரே இச்சரக்கின் இன்றியமையாமை பரவலாக உணரப்பட்டது.

சரக்கின் வகைப்பாடு

சுங்கத் துறைகள் பயன்படுத்தும் இசைவிக்கப்பட்ட குறியீட்டு முறையில் கூழும் கழிவுத்தாளும் 47 ஆம் அத்தியாயத்திலும், காகிதமும் அட்டையும் அவற்றாலான பெட்டி, குறிப்பேடு முதலியனவும் 48 ஆம் அத்தியாயத்திலும், அச்சிட்ட நூல், இதழ், நாட்காட்டி ஆகியன 49 ஆம் அத்தியாயத்திலும் அடங்கும். ஒரே தாள் வெறுமையாகச் சென்றால் ஒரு தீர்வை, கோடிட்டுத் தைத்துச் சென்றால் வேறொரு தீர்வை, எழுத்து அச்சேறிச் சென்றால் மற்றொன்று. இவ்விரு நாடுகளின் காகித வணிக வரலாறு, தாள் எந்த நிலையில் கடலைக் கடக்கலாம் என்பது பற்றிய வரலாறாகவே பெரும்பாலும் அமைந்துள்ளது.

இலங்கையில் காகித உற்பத்தி

இலங்கைத் தமிழில் காகிதம் கடதாசி எனப்படும். மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் காலத்தில் திட்டமிடப்பட்ட மூன்று பெருந் தொழிற்சாலைகளுள் இதுவும் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் மற்ற இரண்டு. பின்னர் 1970களின் இறுதியில் தென்னிலங்கையின் எம்பிலிப்பிட்டியில் இரண்டாவது ஆலை அமைக்கப்பட்டது.

வாழைச்சேனை ஆலையின் முதன்மை மூலப்பொருள் வைக்கோலாகும். கிழக்கு மாகாணத்திலும் பொலன்னறுவையிலும் நெல்வயல்கள் மிகுதி என்பதால் இத்தெரிவு அக்காலத்தில் பொருத்தமானதாகத் தோன்றியது. ஆயினும் வைக்கோல் கூழ் செய்வதற்கு எளிய பொருளன்று. அறுவடைக் காலத்தில் மட்டும் கிடைக்கும். ஆயிரக்கணக்கான வயல்களில் சிதறிக் கிடக்கும். எடை குறைவாகவும் இடம் அதிகமாகவும் கொள்வதால் ஏற்றுகூலி மிகும். எல்லாவற்றையும் விட, வைக்கோலில் சிலிக்கா மிகுதியாக உள்ளது. கூழ் காய்ச்சிய பின் எஞ்சும் கருந்திரவத்தை எரித்துக் காரத்தை மீட்டெடுப்பதே ஒரு கூழாலையின் வரவு செலவைத் தீர்மானிக்கும் படிநிலை. சிலிக்கா அந்த மீட்புக் கலன்களில் படிந்து அடைத்துக் கொள்கின்றது. மீட்பு இல்லையெனில் ஒவ்வொரு முறையும் புதிய எரிசோடா வாங்க வேண்டும். கழிவும் நீர்நிலைக்குச் செல்லும். எரிசோடாவும் குளோரினும் பரந்தனில் உற்பத்தியாகி வந்தன. உள்நாட்டுப் போர் அத்தொழிற்சாலையை நிறுத்தியபோது உள்நாட்டு வேதிப்பொருள் வழங்கலும் அறுந்தது.

ஏறத்தாழ இதே சிக்கலைத் தமிழ்நாடு வேறு வகையில் எதிர்கொண்டது. 1979 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டது. 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தி தொடங்கியபோது அதன் ஆண்டுத் திறன் 90,000 தொன். கரும்புச் சக்கையும் பயிர்க்கழிவே. ஆனால் அது வயல்தோறும் சிதறிக் கிடப்பதில்லை; சர்க்கரை ஆலையின் வாயிலில் மலையாகக் குவிகின்றது. ஆலைகள் அதைத் தம் கொதிகலன்களில் எரித்து வந்தன. எனவே காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருளையும் நீராவியையும் வழங்கிச் சக்கையைப் பெற்றுக்கொண்டது. புகளூர் நிலைத்து நிற்பதற்குப் பொறியியல் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு இப்பண்டமாற்றும் காரணமாகும். பின்னாளில் தமிழ்நாட்டில் கரும்புப் பரப்பு சுருங்கியபோது நிறுவனம் சவுக்கு, தைலமரம் ஆகியவற்றை உழவர் நிலங்களில் வளர்க்கும் திட்டங்களின் பக்கம் திரும்பியது. 2016 இல் மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் திறனுள்ள பல்லடுக்கு அட்டை ஆலையையும் தொடங்கியது.

வாழைச்சேனைக்கு அத்தகைய திருப்பம் வாய்க்கவில்லை. போர், பழைய எந்திரங்கள், 1977 க்குப் பின் இலங்கை இறக்குமதியைத் திறந்துவிட்டதால் வந்த மலிவுத் தாள் ஆகிய மூன்றும் சேர்ந்து அதனை நலிவடையச் செய்தன. பல ஆண்டுகள் செயலற்றுக் கிடந்த ஆலையைக் கழிவுத்தாள் கொண்டு மீண்டும் இயக்கும் முயற்சிகள் அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டன. எனினும் நாட்டின் தேவையை நிறைவு செய்யும் அளவில் உற்பத்தி என்றுமே எட்டப்படவில்லை.

அச்சிட்ட தாளும் வெறுந்தாளும்

1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு தென்னிந்தியத் தமிழ் இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையும் உள்நாட்டு எழுத்தையும் பதிப்பையும் வளர்க்கும் நோக்கமும் இதற்குக் காரணங்களாயின. அச்சிட்ட தாள் வருவது குறைந்தது. எழுத்தாளர்களும் அச்சகங்களும் இலங்கையிலேயே அவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்றனர். வீரகேசரி நிறுவனம் வெளியிட்ட மலிவு விலை நாவல்கள் இக்காலத்தவை. ஈழத்து இலக்கிய வரலாற்றில் இது ஒரு முக்கிய கட்டமாகக் கருதப்படுகின்றது. இலக்கிய நோக்கில் எழுதப்பட்ட கட்டுரைகள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு பக்கமும் உண்டு. உள்நாட்டில் அச்சிடுவதற்கும் தாள் வேண்டும். வாழைச்சேனை தந்தது போக எஞ்சிய தேவைக்கு வெளிநாட்டுத் தாளே வர வேண்டியிருந்தது. அச்சிட்ட நூலுக்குப் பதிலாக அச்சிடாத தாளை வாங்குவதில் செலாவணி மிச்சமாகும் என்பதும், அச்சுக்கூலி நாட்டுக்குள் தங்கும் என்பதும் உண்மையே. ஆனால் சார்பு நீங்கியதாகக் கூற இயலாது. அது 49 ஆம் அத்தியாயத்திலிருந்து 48 க்கு இடம் பெயர்ந்தது எனலாம்.

1977 க்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஈழத்து எழுத்தாளர்களின் நூல்கள் சென்னையில் அச்சிடப்பட்டு இலங்கைக்கு அனுப்பப்படும் வழக்கமும் பின்னர் வலுப்பெற்றது.

போர்க்காலம்

1990களில் வட இலங்கை மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் செய்தித்தாள் தாளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. கோடிட்ட குறிப்பேட்டுத் தாளிலும் பழுப்புத் தாளிலும் கிடைத்த அளவுக்கு நாளிதழ்கள் அச்சிடப்பட்டன. 2006 ஆகத்து மாதம் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது அதே நிலை திரும்பியது. உதயன் முதலிய யாழ்ப்பாண நாளிதழ்கள் தாளும் மையும் இல்லாமல் பக்கங்களைக் குறைத்துக் கொண்டன. தூத்துக்குடியும் இராமேசுவரமும் எட்டும் தொலைவில் இருந்தும் தாள் வர இயலவில்லை.

விருதுநகர் மாவட்டம்

இவ்வணிகத்தின் இந்தியப் பக்கத்தை விளங்கிக்கொள்ள விருதுநகர் மாவட்டத்தின் காகிதப் பயன்பாட்டை நோக்குதல் தகும். இம்மாவட்டம் காகிதத்தை உற்பத்தி செய்வதற்காக அன்றி, அதை மாற்றுருச் செய்வதற்காக அறியப்படுவது. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்குச் சிட்டை வேண்டியிருந்தது. சிட்டைக்காகக் கல்லச்சு வந்தது. பட்டாசுக்கு உறைகளும் குழாய்களும் தேவைப்பட்டன. அச்செந்திரங்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களை நிரப்ப நாட்காட்டியும் குறிப்பேடும் வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் மரச்சீவலால் செய்யப்பட்ட தீப்பெட்டிக் கூடு பின்னாளில் அட்டைக்கு மாறியபோது அட்டையின் தேவை பலமடங்காயிற்று. சிற்றூர்களின் வீடுகளில் பெண்கள் தீப்பெட்டிக் கூடு ஒட்டியது இம்மாவட்டத்தின் பொருளாதார வரலாற்றின் பகுதியாகும்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் காகித அட்டைக்கு வாடிக்கையாளரே. இராசபாளையத்தின் நூற்பாலைகளுக்கு நூல் சுற்றக் காகிதக் கூம்புகளும் நூலை அனுப்ப நெளியட்டைப் பெட்டிகளும் தேவை. அதனை அடுத்த சத்திரப்பட்டிப் பகுதியின் மருத்துவத் துணி உற்பத்தியாளர்களுக்கும் பெட்டி தேவை. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா அட்டைப் பெட்டியில்தான் வெளியூர் செல்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பிளவக்கல் அணைப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும் வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி ஆகிய பேரூராட்சிகளில் காகித ஆலை எதுவும் இல்லை. ஆயினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் இத்தகைய ஊர்களுக்குச் சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களே கூலிக்கு வழியாக உள்ளன. இந்தோனேசிய அட்டையின் விலையோ கொழும்பில் டொலரின் விலையோ வ. புதுப்பட்டியின் ஒரு குடும்ப வரவைத் தொடும் வழி இதுவாகும்.

சிவகாசியின் காகிதக் கொள்முதல் பருவம் சார்ந்தது. தமிழ்நாட்டில் சூன் மாதம் பள்ளி திறப்பதால் குறிப்பேட்டு வேலை ஆண்டின் முற்பாதியில் நடைபெறும். புதிய நாட்காட்டி மாதிரிகள் ஆடிப்பெருக்கன்று வெளியிடப்படுவது மரபு; அதன் பின் மார்கழி வரை நாட்காட்டி வேலை. இலங்கையின் கல்வியாண்டு வழக்கமாகச் சனவரியில் தொடங்குவது. ஆகவே இலங்கையின் பாடநூல், குறிப்பேட்டுத் தாளுக்கான தேவையும் சிவகாசியின் நாட்காட்டித் தாளுக்கான தேவையும் ஏறத்தாழ ஒரே மாதங்களில் எழுகின்றன. ஆலைகளின் இருப்புக் குறைவாக உள்ள ஆண்டுகளில் இருவரும் ஒரே வரிசையில் நிற்க நேர்கின்றது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழர்களுக்கான நாட்காட்டிகளும் சிவகாசியில் அச்சாகின்றன. தூத்துக்குடியிலிருந்து உலகின் பிற பகுதிகளுக்குச் செல்லும் கொள்கலன்களில் கணிசமானவை கொழும்பில் பெருங்கப்பலுக்கு மாற்றப்படுவதால், இலங்கைக்கு விற்கப்படாத சிவகாசிச் சரக்கும் கொழும்பைக் காணாமல் செல்வது அரிது.

வணிக உடன்பாடு

இந்திய - இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாடு 1998 திசம்பர் 28 அன்று கையெழுத்தாகி 2000 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளும் சலுகை பெறாத பொருள்களின் விலக்குப் பட்டியல்களை வைத்துக் கொண்டன. இலங்கையின் பட்டியலில் 1,180 பொருள்களும் இந்தியாவின் பட்டியலில் 429 பொருள்களும் தொடக்கத்தில் இடம்பெற்றன. சிறிய பொருளாதாரம் என்ற வகையில் இலங்கைக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. காகிதப் பொருள்கள் பலவும் இலங்கையின் பட்டியலில் அடங்கின.

இப்பாதுகாப்பால் பயனடைந்தவர் யார் என்பது கருதத்தக்கது. காகித ஆலைகள் ஏற்கனவே நலிந்திருந்தன. உண்மையில் காக்கப்பட்டது தாளை இறக்குமதி செய்து கோடிட்டு, வெட்டி, தைத்து விற்கும் குறிப்பேட்டுத் தொழிலும், தேயிலைக்கும் ஆடைக்கும் பெட்டி செய்யும் தொழிலுமாகும். இவை இலங்கையில் வேலைவாய்ப்பளிக்கும் உயிருள்ள தொழில்கள் என்பதால் இதனைத் தவறு எனக் கொள்ள இயலாது. இதன் விளைவாக இந்தியாவிலிருந்து செல்லும் சரக்கு குறிப்பேடாக அன்றித் தாளாகவே செல்லும் போக்கு நிலைபெற்றது. எதிர்த்திசையில், இலங்கையில் சேகரிக்கப்படும் கழிவுத்தாள் இந்திய மறுசுழற்சி ஆலைகளுக்கு வருகின்றது. இந்தியக் காகித உற்பத்தியின் பெரும்பகுதி கழிவுத்தாளை நம்பியிருப்பதால் அதற்கு இங்கு எப்போதும் கேட்பு உண்டு.

2021-2022 விலையேற்றம்

சீனா 2018 முதல் கலப்புக் கழிவுத்தாள் இறக்குமதியைத் தடுத்து, 2021 சனவரி முதல் திண்மக் கழிவு இறக்குமதி முழுவதையும் நிறுத்தியது. சீன ஆலைகள் கழிவுத்தாளுக்குப் பதிலாகக் கூழையும் கிராஃப்ட் தாளையும் வெளியே வாங்கத் தொடங்கின. பெருந்தொற்றுக் காலத்தில் மேலை நாடுகளில் கழிவுத்தாள் சேகரிப்புக் குறைந்ததும், கொள்கலன் கட்டணம் பன்மடங்கு உயர்ந்ததும் இதனுடன் சேர்ந்தன. இந்திய ஆலைகளுக்கு ஏற்றுமதி திடீரென இலாபகரமாயிற்று. 2021-22 நிதியாண்டில் இந்தியாவின் காகித, அட்டை ஏற்றுமதி முந்தைய ஆண்டை விட ஏறத்தாழ 80 விழுக்காடு உயர்ந்து 13,963 கோடி ரூபாவை எட்டியது.

ஆலைகளுக்கு நல்லாண்டாக இருந்த அது அச்சகங்களுக்குக் கெட்ட ஆண்டாகியது. நாட்காட்டி, குறிப்பேடு, பெட்டி ஆகியவற்றின் விலை உயர்ந்தது. முன்பணம் பெற்று விலை பேசி முடித்த அச்சகத்தார் தாள் வாங்கும்போது விலை ஏறியிருப்பதைக் கண்டனர்.

ஒரு குறிப்பேட்டின் கணக்கைக் கொண்டு இதன் அளவை உணரலாம். 24 செ.மீ நீளமும் 18 செ.மீ அகலமும் கொண்ட 192 பக்கக் குறிப்பேட்டில் 96 தாள்கள் உள்ளன. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 4.15 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 58 கிராம் எடையுள்ள தாளாயின் உள்தாளின் எடை 240 கிராம். ஒரு தொன் தாளில் இத்தகைய குறிப்பேடுகள் 4,150 அளவில் செய்யலாம். தாளின் விலை தொன்னுக்கு 10,000 ரூபா கூடினால் குறிப்பேடு ஒன்றின் அடக்கவிலை 2 ரூபா 40 காசு கூடும். 25 தொன் ஏற்றிய 20 அடிக் கொள்கலன் ஒன்று ஏறத்தாழ ஓர் இலட்சம் குறிப்பேடுகளுக்குரிய தாளாகும்.

2022 இலங்கை நெருக்கடி

விலை உயர்ந்திருந்த இந்நேரத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்புத் தீர்ந்தது. 2022 மார்ச்சு முதல் வாரத்தில் மத்திய வங்கி ரூபாவின் மாற்று விகிதத்தைத் தளர்த்தியது. டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த விகிதம் மே மாதத்தில் 360 ஐக் கடந்தது. ஏப்பிரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது.

மேற்கூறிய குறிப்பேட்டையே இங்கும் எடுத்துக்கொண்டு, தாளின் இறக்குமதி விலை தொன்னுக்கு 1,000 டொலர் என வைத்துக்கொண்டால், குறிப்பேட்டின் தாளுக்கு மட்டும் 200 ரூபா விகிதத்தில் 48 இலங்கை ரூபா ஆகும். 360 ரூபா விகிதத்தில் 86 ரூபாவுக்கு மேல் ஆகும். உலகச் சந்தையில் ஒரு சதமும் ஏறாத நிலையிலேயே இவ்வளவு வேறுபாடு. உண்மையில் உலக விலையும் ஏறியிருந்தது.

மார்ச்சு மூன்றாம் வாரத்தில், தாளும் மையும் இறக்குமதி செய்ய அச்சகங்களிடம் டொலர் இல்லை என்பதால் தவணைத் தேர்வுகளைக் காலவரையறையின்றித் தள்ளிவைப்பதாக மேல் மாகாணக் கல்வித் திணைக்களம் அறிவித்தது. நாட்டின் 45 இலட்சம் மாணவர்களுள் மூன்றில் இரு பங்கினர் வரை பாதிக்கப்படக்கூடும் என அதிகாரிகளை மேற்கோள் காட்டிச் செய்திகள் வெளிவந்தன. மார்ச்சு 26 முதல் தி ஐலண்ட், திவயின ஆகிய நாளிதழ்கள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளை நிறுத்தி இணையத்தில் மட்டும் வெளியிட்டன.

இந்நெருக்கடியில் எல்லாக் காகிதமும் ஒரே அளவில் அருகிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தேயிலையையும் ஆடையையும் ஏற்றுமதி செய்வோர் டொலரில் ஈட்டுபவர்கள். அவர்களின் பெட்டிகளுக்கு வேண்டிய அட்டையை வாங்க அவர்களிடம் வழி இருந்தது. ரூபாவில் மட்டும் வருவாய் உள்ள அச்சகம், நாளிதழ், பள்ளி ஆகியவற்றுக்கு அவ்வழி இல்லை. காகிதப் பஞ்சம் என அழைக்கப்பட்டது பெரிதும் எழுதும் தாளின் பஞ்சமே.

2022 மார்ச்சு 17 அன்று இந்தியா உணவு, மருந்து முதலிய இன்றியமையாப் பொருள்களுக்காக 100 கோடி டொலர் கடன் வசதியை இலங்கைக்கு வழங்க உடன்பட்டது. இலங்கையில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆகவே தாள் இல்லையெனில் அது அரசின் நேரடிப் பொறுப்பாகும். மேற்கூறிய கடன் வசதியில் ஏறத்தாழ 1 கோடி டொலரைக் கொண்டு அரச அச்சகக் கூட்டுத்தாபனமும் தனியார் இறக்குமதியாளரும் இந்தியாவிலிருந்து தாளும் பிற அச்சுப் பொருள்களும் பெற்றனர் எனவும், 2023 ஆம் கல்வியாண்டுக்கான பாடநூல் தேவையில் 45 விழுக்காடு அளவு இவ்வாறு நிறைவு செய்யப்படுகின்றது எனவும் 2023 சனவரியில் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் தெரிவித்தது. நன்கொடை எனச் சிலவிடத்துக் குறிப்பிடப்பட்டாலும் இது கடனாகும். பாடநூலின் தாளுக்கு ஒரு நாடு கடன் வாங்க நேர்ந்தது அதன் காகிதக் கொள்கையின் நெடுநாள் கணக்கைக் காட்டுகின்றது.

பிந்தைய போக்குகள்

விலையேற்றம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 2022 பிற்பகுதியிலிருந்து உலக விலை இறங்கத் தொடங்கியது. இந்தியாவின் நிலை தலைகீழானது. 2022-23 இல் 14.3 இலட்சம் தொன்னாக இருந்த இந்தியக் காகித, அட்டை இறக்குமதி 2023-24 இல் 34 விழுக்காடு உயர்ந்து 19.3 இலட்சம் தொன்னாயிற்று. 2024-25 இல் அது 20 இலட்சம் தொன்னைக் கடந்தது. 2010 சனவரி முதல் நடைமுறையிலுள்ள ஆசியான் உடன்பாட்டின் கீழ் அந்நாடுகளின் தாள் பெரும்பாலும் தீர்வையின்றி வருவதை இந்திய ஆலைகள் இதற்கு முதன்மைக் காரணமாகச் சுட்டின.

இந்திய அரசு 2022 அக்டோபர் 1 முதல் காகித இறக்குமதிக் கண்காணிப்பு முறையைக் கொண்டுவந்தது. 48 ஆம் அத்தியாயத்தின் 201 பொருள்களை இறக்குமதி செய்வோர் சரக்கு வருமுன் இணையவழியே பதிவெண் பெற வேண்டும் என்பது அதன் விதி. 2025 ஆகத்து மாதத்தில் புதுக்கூழாலான பல்லடுக்கு அட்டைக்குத் தொன்னுக்கு 67,220 ரூபா என்னும் குறைந்தபட்ச இறக்குமதி விலை 2026 மார்ச்சு 31 வரை செல்லுமாறு விதிக்கப்பட்டது. மொண்டிப்பட்டி போன்ற ஆலைகளுக்கு இது மூச்சுவிட இடம் தந்தது. மருந்துப் பெட்டி, இனிப்புப் பெட்டி செய்யும் சிவகாசி அச்சகத்தாருக்கோ மலிவான அட்டைக்கான வழி சுருங்கியது. ஒரே மாநிலத்துக்குள், நூற்றைம்பது கிலோமீட்டர் இடைவெளியில், ஒருவரின் பாதுகாப்பு மற்றவரின் செலவாகின்றது. கொழும்பின் விலக்குப் பட்டியலில் ஆலைக்கும் குறிப்பேட்டுத் தொழிலுக்கும் இடையே இருந்த முரண்பாடும் இத்தகையதே. அங்கு ஆலை தோற்றது.

சரக்கு மற்றும் சேவை வரி இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கியது. காகித அட்டைப் பெட்டிகளின் வரி 2021 அக்டோபரில் 18 விழுக்காடாகவும், 2024 சூலையில் 12 விழுக்காடாகவும், 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகவும் மாற்றப்பட்டது. இறுதியாகச் சொன்ன அதே நாளில் பெட்டிக்கு மூலப்பொருளான கிராஃப்ட் தாள், அட்டை ஆகியவற்றின் வரி 12 இலிருந்து 18 ஆக உயர்ந்தது. பெட்டி செய்பவர் 18 செலுத்தி வாங்கி 5 பெற்று விற்கின்றார். கூடுதலாகச் செலுத்திய வரியைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அத்தொகை கைக்கு வரும் வரை அவருடைய முதல் முடங்குகின்றது. பேராலைகளுக்கு இது கணக்கேட்டில் ஒரு வரி. இரண்டு எந்திரங்களுடன் இராசபாளையம் நூற்பாலைகளுக்குப் பெட்டி செய்து தருபவருக்கு அடுத்த சுமை அட்டை வாங்குவதா கூலி கொடுப்பதா என்னும் கேள்வி.

பள்ளிக் குறிப்பேடுகளுக்கும் அவற்றுக்கான பூச்சற்ற தாளுக்கும் அதே நாளில் வரி முற்றிலும் நீக்கப்பட்டது. மாணவர்க்கு நலன் தரும் இம்மாற்றத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஆலையின் ஒரே உருளையிலிருந்து வெட்டிய தாள் குறிப்பேட்டுக்குச் சென்றால் வரியில்லை. பாடநூலுக்கோ நாட்காட்டிக்கோ சென்றால் 18 விழுக்காடு. வரியின்றி விற்கும் ஆலைக்குத் தான் வாங்கிய வேதிப்பொருள், நிலக்கரி ஆகியவற்றின் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லாமையால் அது தாளின் விலையில் ஏறுகின்றது. இறக்குமதித் தாளுக்கு அச்சுமை இல்லை.

இலங்கைக்குத் தாள் அனுப்பும் இந்திய ஆலைக்கு இவ்வரிகள் பொருந்தா. ஏற்றுமதி சுழிய வரி உடையது. எனவே உள்நாட்டுச் சந்தை குழம்பும் மாதங்களில் கொழும்புக்கு விற்பது ஆலைகளுக்கு ஆதாயமாகவே உள்ளது. அங்கு அவை சந்திக்கும் போட்டி, இந்தியாவுக்குள் அவற்றின் விலையைத் தாழ்த்தும் அதே இந்தோனேசிய, சீனத் தாளாகும்.